சிஎன்சி ரவுட்டரின் மோட்டாரைக் கழற்றும் முன்

தேக்குப் பலகையில் கஜலட்சுமி செதுக்கிக்கொண்டிருந்தோம். காரைக்குடிப் பக்கத்து வீடு ஒன்றின் பூஜை அறைக் கதவு அது. கணினி சொல்லும் வழியில் டூலை நகர்த்தி மரம் செதுக்கும் சிஎன்சி ரவுட்டர் இடமும் வலமுமாக ஓடி, கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. தாமரை வந்தது, மடித்த கால் வந்தது, கைகள் வந்தன. சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது லட்சுமியின் கழுத்தில் ஒரு படி விழுந்திருந்தது. அதற்கு மேல் முகம், கிரீடம், யானைகள் தூக்கிய துதிக்கைகள் எல்லாம் மொத்தமாக 3 மி.மீ. வலப்பக்கம் நகர்ந்து நின்றன.

டூலைக் குறுக்கே நகர்த்தும் எக்ஸ் அச்சின் மோட்டாரில் கை வைத்தேன். சுட்டது. மோட்டார் போய்விட்டது என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன். புதியது வாங்கி மாட்டுவதற்குள் இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் இன்னொரு பலகையில் அதே பிழை. கழற்றி வைத்த மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. குறை கேபிளில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டரும் பத்து நிமிடமும் போதுமாக இருந்தன. அந்தப் பத்து நிமிடத்தை முதல் நாளே செலவிட்டிருந்தால் இரண்டாவது பலகையாவது பிழைத்திருக்கும். உங்கள் பலகை பிழைக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூரில் பம்பு மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறையில் பதினோரு வருடம் இருந்தவன். பிறகு சொந்த ஊருக்கு வந்து கதவுப் பட்டறை வைத்தேன். காயில் எரிந்த மோட்டாரை வாசனையிலேயே சொல்லிவிடுவேன். அந்தப் பழக்கம்தான் என்னைத் தவறான பக்கம் இழுத்தது. ரவுட்டரின் அச்சு மோட்டார் எளிதில் எரிவதில்லை. அதைச் சுற்றியுள்ள திருகு, கேபிள், கனெக்டர், தூசி, கரண்ட் அமைப்பு ஆகியவைதான் பெரும்பாலும் கெடுகின்றன. எனவே பரிசோதனை வெளியிலிருந்து தொடங்கி உள்ளே போக வேண்டும். மோட்டார் கடைசி.

மோட்டாருக்குக் கண் இல்லை

எங்கள் மேசை 4 அடிக்கு 8 அடி. குறுக்கே ஓடும் எக்ஸ் அச்சுக்கு ஒரு மோட்டார். நீளவாக்கில் ஓடும் ஒய் அச்சுக்கு, மேசைக்குக் குறுக்கே நிற்கும் பாலத்தின் இரு கால்களிலும் ஒவ்வொரு மோட்டார். வெட்டும் டூலைச் சுழற்றும் ஸ்பிண்டிலை ஏற்றி இறக்கும் இசட் அச்சுக்கு ஒன்று. நான்கும் 86 மி.மீ. முகம் கொண்ட ஸ்டெப்பர் மோட்டார்கள். கடையில் நீமா 34 என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

இந்த மோட்டார் ஒரு சுற்றை 200 படிகளாகச் சுற்றுகிறது. ஒரு படி 1.8 டிகிரி. கட்டளை தரும் கன்ட்ரோலர் பல்ஸ் (சிறு மின்துடிப்பு) அனுப்புகிறது, டிரைவர் என்ற மின்சுற்றுப் பெட்டி அதைக் காயில்களுக்கான கரண்டாக மாற்றுகிறது, மோட்டார் நகர்கிறது. நகர்ந்ததா என்று திரும்பச் சொல்ல யாரும் இல்லை. மோட்டாருக்குள் சுழலும் ரோட்டர் இடறி நின்றாலும் கன்ட்ரோலர் 'போய்ச் சேர்ந்தாயிற்று' என்றே எண்ணி அடுத்த வரியைத் தொடங்கிவிடும். லட்சுமியின் கழுத்து அப்படித்தான் நகர்ந்தது.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. இதை உங்கள் இயந்திரத்துக்குப் போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த அலாரத்தையும் விட உண்மை பேசும். ரேக் என்ற பல்சட்டத்தில் ஓடும் பல்சக்கரம்தான் பினியன். எங்கள் பினியனில் 20 பல், மாட்யூல் (பல்லின் அளவைச் சொல்லும் எண்) 1.5. நேர்ப் பல் என்பதால் பினியன் ஒரு சுற்றுச் சுற்றினால் 94.25 மி.மீ. போகும். நடுவில் ஐந்துக்கு ஒன்று கியர் குறைப்பு இருக்கிறது. எனவே மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 18.85 மி.மீ., ஒரு முழுப் படிக்கு 0.094 மி.மீ. ரோட்டரில் 50 பற்கள் உண்டு. பிடி நழுவிய ரோட்டர் தன் அடுத்த பல்லில் போய்த்தான் மீண்டும் உட்காரும். நடுவில் எங்கும் நிற்காது. ஒரு பல் என்பது நான்கு படி. ஆகவே எங்கள் இயந்திரத்தில் மோட்டார் நழுவினால் பிழை 0.377 மி.மீ.யின் மடங்காகவே இருக்கும்.

கெட்டுப்போன பலகையில் அந்த நகர்வை வெர்னியர் வைத்து அளந்தேன். 3.02 மி.மீ. எட்டுப் பல். அளந்தது மூன்றாம் நாள். அளந்திருக்க வேண்டியது முதல் நாள். பிழை இந்த மடங்கில் விழுந்தால் மோட்டாரின் பிடி நழுவியிருக்கிறது என்று பொருள்: பாரம் கூடியிருக்கலாம், வேகம் கூடியிருக்கலாம், காயிலுக்குக் கரண்ட் அறுந்து போயிருக்கலாம். எந்த மடங்கிலும் சேராமல் 1.7, 2.2 என்று வந்தால் பினியனோ, தண்டுகளை இணைக்கும் கப்ளிங்கோ தண்டின் மேல் வழுக்குகிறதா என்று பாருங்கள். மிகச் சிறிதாகத் தொடங்கி வேலை நேரத்தோடு வளர்ந்துகொண்டே போனால் பல்ஸ் தவறுகிறது.

கை வைக்கும் முன்

மெயினை அணைத்ததும் மின் பேனலுக்குள் கை விடாதீர்கள். எங்கள் டிரைவர்களுக்கு 50 வோல்ட் ஏசி போய், நேராக்கப்பட்டு, கபாசிட்டரில் 70 வோல்ட் டிசியாக நிற்கிறது. ஸ்பிண்டிலின் வேகத்தை மாற்றும் விஎஃப்டிக்குள், ஒற்றை பேஸ் 230 வோல்ட் என்றால், 325 வோல்ட் வரை தங்கியிருக்கும். ஐந்து நிமிடம் பொறுங்கள். விளக்கு அணைந்ததை மட்டும் நம்பாமல் மீட்டர் வைத்து அளந்துவிட்டுத் தொடுங்கள். விஎஃப்டியின் மேல் இதைவிட நீண்ட நேரம் அச்சிட்டிருந்தால் அதுவே கணக்கு.

மின்சாரம் ஓடும்போது மோட்டார் கனெக்டரைப் பிடுங்கக் கூடாது. காயிலில் ஓடும் கரண்ட் திடீரென அறுபடும்போது எழும் வோல்டேஜ் டிரைவரின் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களைக் கொன்றுவிடும். கனெக்டர் தளர்ந்திருந்தாலும் இதே கதிதான். டிரைவர் அடிக்கடி போகிற பட்டறையில் முதலில் கனெக்டரின் பூட்டு வளையத்தைத் திருகிப் பாருங்கள்.

இசட் அச்சின் மோட்டாரையோ அதன் கப்ளிங்கையோ தளர்த்தும் முன் ஸ்பிண்டிலுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். ஸ்பிண்டிலைத் தாங்கும் பால் ஸ்குரூ (குண்டுகள் மேல் ஓடும் திருகுத் தண்டு) ஸ்பிண்டிலின் எடையிலேயே சுழன்று அதை இறக்கிவிடும். பிரேக் உள்ள மோட்டார் என்றாலும் கட்டை வேண்டும். மோட்டாரைக் கழற்றிய பின் பிரேக் எதைப் பிடிக்கும்?

கையால் பாலத்தைத் தள்ள வேண்டி வந்தால் மெதுவாகத் தள்ளுங்கள். சுழலும் மோட்டார் ஜெனரேட்டராகி டிரைவருக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். வேகமாகத் தள்ளும்போது டிரைவரின் விளக்கு தானாக மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள்.

சனிக்கிழமை வேலை

எங்கள் பட்டறையில் சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் செதுக்கல் கிடையாது.

முதலில் தூசி. தேக்குத் தூசி எண்ணெய்ப் பசையோடு மோட்டாரின் மேல் கம்பளி போலப் படியும். மர நாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையின் தூசி மாவை விட நைசானது, எங்கும் புகும். இரண்டுமே மோட்டாரின் சூட்டை வெளியே விடாது. மென்மையான பிரஷ்ஷும் வேக்குவமும் வைத்து எடுங்கள். கம்ப்ரஸர் காற்றை மோட்டார் தண்டின் பக்கம் நேராக அடித்தால் தூசி பேரிங்குக்குள் போய் உட்காரும். காற்று அடித்தே தீர வேண்டும் என்றால் தண்டுக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளி அடியுங்கள்.

மோட்டாரின் பேரிங் மூடப்பட்டது. அதற்கு கிரீஸ் கிடையாது, எண்ணெய் கிடையாது. எண்ணெய் கேட்பவை பால் ஸ்குரூவும், அச்சு வழுக்கி ஓடும் லீனியர் ரெயிலும்தான். ரேக்குக்கு மெல்லிய பூச்சு போதும். அள்ளிப் பூசினால் கிரீஸும் தூசியும் சேர்ந்து அரைமாவு போல் இறுகி, பினியனைத் தூக்கிவிடும். அதன் பாரம் மோட்டார் மேல்தான் விழும்.

அடுத்தது கிரப் ஸ்குரூ. பினியனையும் கப்ளிங்கையும் தண்டில் பிடித்திருப்பது இந்தச் சின்னத் திருகுதான். தளர்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் பெயின்ட் மார்க்கர் எடுத்து, தண்டின் முனையிலிருந்து பினியனின் முகம் வரை ஒரே நேர்க்கோடாக இழுத்துவிட்டேன். வாரா வாரம் டார்ச் அடித்துப் பார்க்கிறோம். கோடு கோடாக இருந்தால் சரி. தண்டில் ஓரிடம், பினியனில் வேறிடம் என்று உடைந்திருந்தால் வழுக்கியிருக்கிறது. அப்போது வெறுமனே இறுக்கிவிட்டுப் போகாதீர்கள். திருகைக் கழற்றி, எண்ணெய் துடைத்து, திருகுப் பூட்டுப் பசை ஒரு சொட்டு விட்டு, தண்டின் தட்டை முகத்தில் திருகு நேராக இறங்குகிறதா என்று பார்த்து இறுக்குங்கள். கோட்டையும் புதிதாகப் போடுங்கள்.

பினியன் ரேக்கோடு எவ்வளவு நெருங்க வேண்டும் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் போதும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே காகிதத்தை வைத்து மோட்டாரை அழுத்திப் பிடித்து, தட்டின் போல்ட்டுகளை இறுக்கி, பிறகு காகிதத்தை உருட்டி எடுத்துவிடுங்கள். அந்தக் காகித அளவு இடைவெளி வேண்டும். இடைவெளியே ஆகாது என்று நெரித்து வைத்தால் முன் பேரிங் சீக்கிரம் தேயும். பெல்ட் உள்ள இயந்திரத்தில் பெல்ட்டை வீணைத் தந்தி போல் இழுத்து வைப்பதும் அதே கேட்டைத்தான் செய்யும்.

பேனலுக்குள் டிரைவரின் மின்விசிறி சுற்றுகிறதா, வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் எறும்பு சூடு தேடி பேனலுக்குள் வரும். பல்லி எறும்பைத் தேடி வரும். ரிலேயின் முனைகளுக்கு நடுவே எறும்பு நசுங்கிக் கிடந்து அச்சு நின்றுபோனதை நானே பார்த்திருக்கிறேன். கேபிள் நுழையும் ஓட்டைகள் எல்லாவற்றையும் கிளாண்டு போட்டு அடையுங்கள். எலி இருக்கும் பட்டறை என்றால், கேபிள்களைச் சுமந்து கூடவே வளைந்து ஓடும் கேபிள் செயினின் அடிப்பக்கத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

சூட்டைப் பற்றி

'மோட்டார் சுடுகிறது' என்பது நோயல்ல. ஸ்டெப்பர் மோட்டார் சும்மா நிற்கும்போதும் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். 60, 65 டிகிரி என்பது அதற்கு இயல்பான சூடு. மனிதக் கையால் அந்தச் சூட்டைத் தாங்கிப் பிடித்திருக்க முடியாது. நான் ஏமாந்தது இதில்தான். பி வகை இன்சுலேஷன் உள்ள காயில் 130 டிகிரி வரை தாங்கும். உறையின் மேல் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 80ஐத் தொட்டால் காரணம் தேட வேண்டும். ஒய் அச்சின் இரு மோட்டார்களில் ஒன்று 55, மற்றது 72 என்றால், 80 ஆகாவிட்டாலும் தேட வேண்டும். இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. ஒன்று மட்டும் ஏன் கஷ்டப்படுகிறது?

காரணம் பெரும்பாலும் டிரைவரின் சிறு சுவிட்சுகளில் இருக்கும். டிரைவரின் மேல் அச்சிட்ட அட்டவணையில் கரண்டுக்கு உச்ச மதிப்பு, ஆர்எம்எஸ் எனப்படும் பயனுறு மதிப்பு என இரண்டு பத்திகள் இருக்கும். உச்சம் என்பது ஆர்எம்எஸ்ஸைப் போல் 1.4 மடங்கு. மோட்டார் தகட்டில் 6 ஆம்பியர் என்று இருக்க, எந்தப் பத்தி என்று பாராமல் சுவிட்சை வைத்தால் மோட்டார் வெந்துபோகும், அல்லது வலுவில்லாமல் நழுவும். நிற்கும்போது கரண்டைப் பாதியாகக் குறைக்கும் சுவிட்ச் ஒன்றும் இருக்கும். பல டிரைவர்களில் அது நான்காவது. எக்ஸ், ஒய் அச்சுகளில் அதைப் பாதியில் வையுங்கள், சூடு கண்கூடாகக் குறையும். கனமான ஸ்பிண்டிலைத் தூக்கி நிற்கும் இசட் அச்சில் மட்டும் யோசித்துச் செய்யுங்கள்.

பிழை வந்தால்

கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான். பிழை ஒரே அளவாக நிற்கிறதா, வளர்கிறதா?

சிறு நகர்வையும் முள்ளில் காட்டும் டயல் கேஜை மேசையில் காந்தத்தால் நிறுத்தி, அதன் தொடுமுனை ஸ்பிண்டில் உடலைத் தொடும்படி வைத்து, பூஜ்யம் செய்யுங்கள். அச்சை 300 மி.மீ. போய்த் திரும்பச் சொல்லுங்கள். இருபது தடவை. ஒவ்வொரு தடவையும் அதே பக்கத்திலிருந்து வந்து தொட வேண்டும். முள் பூஜ்யத்துக்கே வந்துகொண்டிருந்தால் மோட்டார் படி தவறவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து தொடும்போது மட்டும் 0.1 என்று மாறாத ஒரு வித்தியாசம் இருந்தால் அது பல் இடைவெளி அல்லது நட்டின் தேய்மானம், மோட்டாரைத் தொடாதீர்கள். தடவைக்குத் தடவை ஏறிக்கொண்டே போனால்தான் படி தவறுகிறது. மெதுவான வேகத்தில் ஒரு முறை, செதுக்கும் வேகத்தில் ஒரு முறை என்று செய்து பாருங்கள்.

வேகத்தில் மட்டும் தவறினால் முடுக்கத்தைக் குறைத்துப் பாருங்கள். ஸ்டெப்பரின் வலு வேகம் ஏற ஏறக் குறையும். காயிலில் கரண்ட் நிரம்புவதற்குள் அடுத்த படி வந்துவிடுகிறது. எங்கள் கணக்கில் நிமிடத்துக்கு 12 மீட்டர் என்றால் மோட்டார் நிமிடத்துக்கு 637 சுற்று சுற்றுகிறது. அங்கே கையில் உள்ள வலு, நிற்கும்போது இருந்ததில் ஒரு பகுதிதான். குறைத்ததும் சரியாகிவிட்டது என்று அத்தோடு விட்டுவிடாதீர்கள். போன மாதம் அதே வேகத்தில் ஓடிய இயந்திரம் இந்த மாதம் ஏன் ஓடவில்லை? ரெயில் இறுகியிருக்கலாம். மின்சாரத்தை அணைத்து, பினியனை விலக்கி, ஸ்பிண்டிலைச் சுமந்து ஓடும் வண்டியை ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். எங்காவது தடுக்கினால் குறை அங்கே. தடுக்கவில்லை என்றால், வண்டி வேகமெடுக்கும் நொடியில் டிரைவருக்குப் போகும் 70 வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று மீட்டரில் பாருங்கள். தலை உப்பிய கபாசிட்டர் அங்கே மாட்டிக்கொள்ளும்.

மோட்டார் சுற்றாமல் இடத்திலேயே உறுமி அதிர்ந்தால், அல்லது ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம் என்று போனால், இரண்டு காயில்களில் ஒன்றுக்குக் கரண்ட் போகவில்லை. இதுதான் எங்கள் குறை. ஆனால் எங்களுக்கு அது முழுதாக அறுந்திருக்கவில்லை. அறுந்தும் சேர்ந்தும் இருந்தது. இயந்திரத்தை ஓட்டும் தம்பி முதல் நாளே சொன்னான், 'அண்ணே, வண்டி நடுப்பலகைக்கு வரும்போது மட்டும் சத்தம் மாறுகிறது' என்று. அதுதான் முழு விடையும். நான் காதில் வாங்கவில்லை. ஒரே இடத்தில் வரும் குறை கேபிள் குறை என்பதை அவனிடமிருந்துதான் கற்றேன்.

சோதனை இப்படி. மின்சாரத்தை அணைத்து, பொறுத்திருந்து, டிரைவரின் பக்கத்தில் மோட்டார் வயர்களைக் கழற்றுங்கள். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு அதன் சொந்த மின்தடையைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் மீட்டரில் 0.3 ஓம். இந்த மோட்டார்களின் காயில் ஒரு ஓமுக்கு அருகில்தான் இருக்கும் என்பதால் 0.3 பெரிய தொகை. கழித்துவிட்டு ஏ காயிலையும் பி காயிலையும் அளந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்களுக்கு இரண்டும் 0.9. காயில் நலம். பிறகு மீட்டரை ஒரு காயிலின் மேல் அப்படியே விட்டுவிட்டு, வண்டியை மேசையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெதுவாகத் தள்ளச் சொன்னேன். 0.9, 0.9, 0.9 என்று வந்த எண், நடுப்பலகை அருகே 4.6 ஆயிற்று, அறுந்த குறி காட்டிற்று, மறுபடி 0.9 ஆயிற்று.

செயினைத் திறந்து கேபிளை இரண்டு விரலுக்கு நடுவே உருவிக்கொண்டே போனோம். மோட்டாரிலிருந்து 40 செ.மீ. தள்ளி ஓரிடம் தொளதொளவென்று மடிந்தது. மேல் உறையில் கீறல் கூட இல்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் பொடிப்பொடியாக, கருத்து, வாய்க்கு வாய் முட்டிக்கொண்டு கிடந்தன. நேராக இருக்கும்போது முட்டும். செயின் வளையும்போது விலகும்.

புதிய கேபிள் வாங்கும்போது செயினில் ஓடுவதற்கென்றே செய்த, மெல்லிய இழைகள் நிறைந்த கேபிளாகக் கேளுங்கள். வீட்டு வயரிங் கேபிள் இங்கே சில மாதம்தான். செயினின் வளைவு ஆரம், கேபிள் தடிமனைப் போல் பத்து மடங்காவது இருக்கட்டும், 8 மி.மீ. கேபிளுக்கு 80 மி.மீ. செயினுக்குள் கேபிள்களை முறுக்காமல், நெருக்காமல் படுக்க வைத்து, இரு முனையிலும் மட்டும் கட்டுங்கள். செயினுக்குள் ஒட்டு வேண்டவே வேண்டாம். டெர்மினல் திருகுக்குள் போகும் முனைக்கு ஈயம் பூசாதீர்கள். ஈயம் அழுத்தத்தில் நாளாக நாளாக இளகித் தளரும். குழல் முனை நசுக்கிப் பொருத்துங்கள்.

காயில் சமமாக இருந்து, கேபிளும் நன்றாக இருந்தால், இடம் மாற்றிப் பாருங்கள். அணைத்த நிலையில் எக்ஸ் மோட்டார் கேபிளை ஒய் டிரைவருக்கும் ஒய்யினுடையதை எக்ஸ் டிரைவருக்கும் மாற்றுங்கள். இரு டிரைவர்களின் கரண்ட் அமைப்பும் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். பினியன்களை ரேக்கிலிருந்து விலக்கி வைத்துவிட்டுச் செய்யுங்கள், பாலம் கோணிக்கொள்ளாது. குறை மோட்டாரோடு கூடவே போனால் மோட்டார் அல்லது அதன் கேபிள். பழைய டிரைவரிலேயே நின்றால் டிரைவர் அல்லது அதற்கு வரும் சிக்னல். காசு செலவில்லாத சோதனை இது. புதிய பொருள் வாங்கும் முன் கட்டாயம் செய்யுங்கள்.

சிக்னல் குறைகள் தனி வகை. ஆழச் செதுக்கலில் வண்டி ஆயிரக்கணக்கான தடவை திரும்புகிறது. திசை சிக்னல் டிரைவருக்கு வந்து சேர்வதும் பல்ஸ் வருவதும் ஒரே கணத்தில் மோதினால் திரும்பும்போது ஒரு பல்ஸ் தவறக்கூடும். எங்கள் டிரைவர் சுற்றுக்கு 1600 பல்ஸ். ஒரு பல்ஸ் 0.0118 மி.மீ. ஒன்று தவறினால் யாருக்கும் தெரியாது. நூறு தவறினால் 1.18 மி.மீ. நேர்க்கோட்டு வெட்டில் சரியாகவும் சிற்ப வேலையில் மெல்ல மெல்லச் சாய்ந்தும் வந்தால், கன்ட்ரோலரில் பல்ஸின் ஏறு விளிம்பு, இறங்கு விளிம்பு அமைப்பை மாற்றிப் பாருங்கள். ஸ்பிண்டில் ஓடும்போது மட்டும் தவறினால் விஎஃப்டியின் இரைச்சல். ஸ்பிண்டில் கேபிளை சிக்னல் வயர்களிலிருந்து ஒரு சாண் விலக்குங்கள். சிக்னல் கேபிளின் கவசத்தைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். ஸ்பிண்டிலை அணைத்து, காற்றில் அதே வேலையை ஓட்டிப் பார்த்தால் இது உறுதியாகும்.

ஒய் அச்சின் இரு மோட்டார்களில் ஒன்று மட்டும் நழுவினால் பாலம் கோணிக்கொள்ளும். கதவு சதுரமாக வராது. 600க்கு 800 என்று ஒரு செவ்வகம் வெட்டி இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்தால் இரண்டும் 1000 வர வேண்டும்.

சர்வோ வைத்திருப்பவர்களுக்கு

சர்வோ மோட்டாருக்குப் பின்புறம் என்கோடர் என்ற கண் உண்டு. இடறினால் டிரைவ் அலாரம் அடித்து நின்றுவிடும், பலகை பிழைக்கும். ஓவர்லோடு அலாரம் வந்தால் ரெயிலையும் பிரேக்கையும் பாருங்கள். என்கோடர் அலாரம் வந்தால் முதலில் அதன் கேபிள். பினியனையோ கப்ளிங்கையோ சுத்தியால் தட்டி ஏற்றாதீர்கள். அடி தண்டு வழியே போய்ப் பின்னாலுள்ள மெல்லிய தட்டில்தான் விழும். இழுவான் வைத்துக் கழற்றி, தண்டு முனையில் உள்ள திருகுத் துளையைப் பயன்படுத்தி இழுத்து ஏற்றுங்கள். நிலையைப் பாதுகாக்க 3.6 வோல்ட் பேட்டரி உள்ள வகை என்றால், அதை மாற்றும்போது டிரைவின் கன்ட்ரோல் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அணைத்துவிட்டு எடுத்தால் இயந்திரம் தன் பூஜ்யத்தை மறந்துவிடும்.

திறக்காதீர்கள்

இதைக் காயில் கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். ஸ்டெப்பர் மோட்டாரைத் திறந்து ரோட்டரை வெளியே எடுக்காதீர்கள். ரோட்டருக்குள் நிலைக்காந்தம் இருக்கிறது. அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரின் இரும்பை விட்டு வெளியே வந்ததும் காந்தச் சுற்று உடைந்து பல மோட்டார்களில் காந்தம் வலு இழக்கும். திரும்பப் பூட்டினாலும் பழைய வலு வராது. ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு தலைமயிர் அளவுதான். பட்டறைக் காற்றிலுள்ள இரும்புத் துகள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் அந்த இடைவெளியில் உரசிக்கொண்டே இருக்கும். பம்பு மோட்டார் பழக்கத்தில் ஒரு மோட்டாரை நான் திறந்திருக்கிறேன். பூட்டிய பிறகு அது சுற்றியது, ஆனால் பலகையை இழைக்கும் வலு அதற்குத் திரும்பவே இல்லை.

மோட்டார் உண்மையிலேயே போயிருக்கிறது என்பதற்கு அடையாளங்கள் வேறு. இரண்டு காயிலின் மின்தடை சமமாக இல்லை. கேபிளைக் கழற்றி, இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரில் பார்த்தால் காயிலிலிருந்து உடலுக்குக் கசிவு இருக்கிறது. மெக்கர் வைக்கும்போது டிரைவர் இணைப்பில் இருக்கவே கூடாது. தண்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடுகிறது. நீள ஸ்குரூடிரைவரின் முனையை முன் பேரிங்கின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்தால் மணல் அரைபடும் சத்தம். இன்னொன்று: எல்லா வயர்களும் பிரிந்திருக்கும்போது தண்டைச் சுற்றுங்கள். பிறகு ஒரு காயிலின் இரு வயர்களைத் தொட்டு வைத்துச் சுற்றுங்கள். தண்டு சட்டென்று இறுக வேண்டும். இரண்டு காயிலிலும் ஒரே அளவு இறுகினால் மோட்டார் உயிரோடு இருக்கிறது.

மாற்றுவது என்றால் முகத்தின் அளவு மட்டும் பார்த்து வாங்காதீர்கள். தண்டு 14 மி.மீ.யா 12.7 மி.மீ.யா, சாவிக்கட்டை உண்டா, கரண்ட் எவ்வளவு, இண்டக்டன்ஸ் (கரண்ட் சட்டென்று ஏறுவதைத் தடுக்கும் காயிலின் குணம்) எவ்வளவு என்று தகட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். அதிக வலு என்று எழுதியிருக்கும் மோட்டாரின் இண்டக்டன்ஸ் மிகுதியாக இருந்தால் வேகத்தில் உங்கள் பழைய மோட்டாரிடமே தோற்கும். ஒய் அச்சில் ஒன்றை மாற்றினால் இரண்டும் ஒரே வகையாக இருக்கட்டும். மாட்டிய பின் எதிர்த் திசையில் சுற்றினால் ஒரு காயிலின் இரு வயர்களை மட்டும், மின்சாரத்தை அணைத்துவிட்டு, இடம் மாற்றுங்கள்.

எங்கள் பேனல் கதவின் உட்புறம் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு மோட்டாரின் காயில் மின்தடை, கரண்ட் சுவிட்ச் நிலை, ஒரு மணி நேரம் ஓடிய பின் உள்ள சூடு, ஒரு பல் நழுவினால் எத்தனை மி.மீ. என்பவை அதில் உள்ளன. நன்றாக ஓடும் நாளில் எழுதியவை. கெட்ட நாளில் ஒப்பிட வேறு எது இருக்கிறது?

கழற்றிய பழைய மோட்டார் இப்போது அலமாரியில் உபரியாக இருக்கிறது. புதிய பலகையில் கஜலட்சுமியை மறுபடி தொடங்கும் முன், வெட்டிப் போகப்போகிற ஓரத்தில் கூர்முனை டூலால் ஒரு சின்னக் கூட்டல் குறி போட்டோம். தாமரை முடிந்ததும், கை முடிந்ததும், கழுத்துக்கு ஏறும் முன்பும் இயந்திரத்தை அந்தக் குறிக்கே திரும்ப வரவழைத்தோம். ஸ்பிண்டிலை நிறுத்தி, டூலின் முனையை இறக்கி, அது குறியின் நடுவில் நிற்கிறதா என்று தம்பி லென்ஸ் வைத்துக் குனிந்து பார்த்தான். மூன்று தடவையும் நின்றது. அதன் பிறகுதான் முகத்தைச் செதுக்கவிட்டோம்.